ஊர்ந்து போகும்போது சூடாகும் மஸ்டாங்: உட்வர்ட் க்ரூஸுக்கு முன் செய்த வேலைகள்

வண்டி 1965 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத நிலைக்கூரை ரகம். 289 கன அங்குல வி8 இன்ஜின், அதாவது ஏறக்குறைய 4.7 லிட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஏசி கிடையாது. ஆலையில் பொறித்த வண்டி எண் "5 எஃப் 07 சி" என்று தொடங்குகிறது. 5 என்றால் 1965 மாடல், எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை, 07 என்றால் ஹார்ட்டாப், சி என்றால் 200 குதிரைத்திறன் 289. அந்த ஆலை இருந்த இடம் நான் குடியிருக்கும் டெட்ராய்ட் புறநகரிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான், அதனால் இந்த வண்டி பிறந்த ஊரிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

பிரச்சினை இதுதான். நெடுஞ்சாலையில் 55 மைல் வேகத்தில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகர்கிற இடத்தில் இருபது நிமிஷம் போனால் முள் மேலே ஏறத் தொடங்கும், அப்புறம் இறங்கவே இறங்காது. ஓரமாக நிறுத்தி ஆஃப் செய்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்காது, பெட்ரோல் வாடை மட்டும் வரும்.

தனியாக ஓட்டுகிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை, நெரிசலைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். கிளாசிக் கார் கிளப்பில் இருக்கிறவருக்கு அப்படி முடியாது, ஏனென்றால் கிளப் வாழ்க்கையே ஊர்ந்து போவதுதான். பழைய வண்டிகள் ஓரிடத்தில் கூடுகிற சாயங்கால க்ரூஸ்-இன் என்றால் வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழையவே வரிசையில் இருபது வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஜூலை 4 ஊர்வலம் என்றால் பள்ளிக்கூட பேண்டுக்குப் பின்னால் நடை வேகத்தில் போக வேண்டும். ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்றால் நாள் முழுக்க அதே கதை. பழைய இன்ஜினுக்கு உண்மையான சோதனை வேகத்தில் இல்லை, 5 மைல் வேகத்தில்தான் இருக்கிறது. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் அடிக்கும். நிற்கும்போது ஃபேன் இழுக்கிற காற்றுதான் எல்லாம், ஃபேனோ ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது, சோம்பலாகச் சுற்றும்.

உட்வர்ட் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்-1 என்று எண்ணிட்ட சாலை அது, டெட்ராய்டின் ஆற்றங்கரையிலிருந்து வடமேற்காக பான்டியாக் வரை நீள்கிறது. 1909-ல் ஆறாம் மைல், ஏழாம் மைல் சாலைகளுக்கு நடுவே அதில் ஒரு மைல் தூரத்துக்கு கான்கிரீட் போட்டார்கள், அமெரிக்க சாலை வரலாற்றில் அந்த ஒரு மைலுக்குத் தனி இடம் உண்டு. 1950-களிலும் 60-களிலும் இந்த ஊர்ப் பையன்கள் டோட்டம் போல், டெட்ஸ் போன்ற டிரைவ்-இன் ஓட்டல்களுக்கு நடுவே மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள், கம்பெனி இன்ஜினியர்களும் புது இன்ஜின்களை ராத்திரியில் அங்கே கொண்டுவந்து பார்த்ததாகப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1995-ல் ஃபெர்ண்டேலில் குழந்தைகளுக்கு ஒரு கால்பந்து மைதானம் கட்டப் பணம் திரட்டுவதற்காக நெல்சன் ஹவுஸ் என்ற பிளம்பரும் நண்பர்களும் அந்தப் பழைய வழக்கத்தை ஒரு நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். முப்பது நாற்பதாயிரம் பேர் வருவார்கள் என்று பார்த்தால் இரண்டரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள். இப்போது ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை என்றால் ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் வரைக்கும் இரு பக்கமும் மடக்கு நாற்காலிதான். சாலைக்கு நடுவே அகலமான மீடியன் இருப்பதால் ஒரு பக்கம் ஏறி, திரும்பி, மறு பக்கம் இறங்கி, மறுபடி ஏறி என்று சுற்றிக்கொண்டே இருக்கலாம். வெயிலில், கிளட்ச் வாடையும் புகையும் கலந்த காற்றில், மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகத்தில்.

இந்த வருஷம் அந்த வரிசையில் ஓரம் கட்டாமல் போக வேண்டும் என்பதுதான் திட்டம்.

முதலில் அளந்தேன். 1965 மஸ்டாங்கின் மீட்டரில் எண் கிடையாது, குளிர் முனையிலிருந்து சூட்டு முனைக்கு முள் நகரும், அவ்வளவுதான். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை, தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடிக்குப் பக்கத்தில் காட்டி அளந்தேன். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும், ஒரு சின்னப் புள்ளி அளவுக்குக் கறுப்பு பெயின்ட் தடவிவிட்டு அந்த இடத்தையே ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட் 180 டிகிரி ஃபாரன்ஹீட் ரகம், அதாவது 82 செல்சியஸ். வீட்டு வாசலில் பானட்டை மூடி, கியரை டிரைவில் போட்டு, பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் பிடித்து, முன்னும் பின்னும் கட்டை வைத்து, பெரிய பெண்ணை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, ஓரமாக நின்று அளந்ததில் 228 டிகிரி வந்தது, 109 செல்சியஸ். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போட்டிருந்தால் 120 செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும், அதனால் இது உடனடி ஆபத்து இல்லை. ஆனால் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது, அதுதான் கவலை.

எல்லோரும் முதலில் ரேடியேட்டரைத்தான் மாற்றச் சொல்வார்கள். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், இன்ஜின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 1956 செவர்லே வைத்திருக்கிறார், ஃபோர்டுக்காரர்களுக்கும் முகம் சுளிக்காமல் உதவுவார். ஒரு க்ரூஸ்-இன் சாயங்காலம் என் வண்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். "டைமிங் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்றார். 6 டிகிரி முன்னால் என்றேன், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு அவ்வளவு முன்பே தீப்பொறி விழுகிறது. "லைட் போட்டுப் பார்த்தது சரி, அந்தக் கோடு உண்மை சொல்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். லைட் என்பது தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னி டைமிங் கோட்டைக் காட்டும் விளக்கு. எனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

விஷயம் என்னவென்றால், பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்க்கின் முனையில் அதிர்வைத் தணிக்க இருக்கிற பாலன்ஸர் ஒரே துண்டு இல்லை. உள்ளே ஒரு ஹப், வெளியே கனமான ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய ரப்பர். டைமிங் கோடுகள் வெளி வளையத்தில்தான் வெட்டப்பட்டிருக்கும். அறுபது வருஷத்தில் ரப்பர் காய்ந்து, வெடித்து, வளையம் ஹப்பின் மேல் மெல்லப் பின்னால் வழுக்கிவிடும். இன்ஜின் நன்றாகத்தான் ஓடும், கோடு மட்டும் பொய் சொல்லும்.

சோதிப்பது சுலபம், கொஞ்சம் பொறுமை வேண்டும். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்ற முடியும். பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள், யாரும் சாவியைத் தொடக் கூடாது. ஃபோர்டு வி8-ல் முதல் சிலிண்டர் பயணி பக்கம் முன்னால் இருப்பது. அந்தப் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் என்கிற கருவியை முறுக்கி வைக்க வேண்டும், பிளக் மாதிரியே மரை, நடுவில் ஒரு மொட்டைக் கம்பி. கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ஏறிவந்து கம்பியில் முட்டி நிற்கும். அழுத்தக் கூடாது, விரலுக்குத் தெரிகிற அளவுக்கு முட்டினால் போதும். டைமிங் முள்ளுக்கு நேராக வளையத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு. பிறகு எதிர்த்திசையில் முழுக்கச் சுற்றி மறுபடி முட்டவைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரியான நடுப்புள்ளிதான் உண்மையான டாப் டெட் சென்டர், பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடம்.

என் வளையத்தில் நடுப்புள்ளிக்கும் ஆலை வெட்டிய கோட்டுக்கும் 11 மில்லிமீட்டர் இடைவெளி. இந்தப் பாலன்ஸரின் விட்டத்துக்கு ஒரு டிகிரி என்பது சுமார் 1.4 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 8 டிகிரி. வளையம் பின்தங்கியிருந்ததால், லைட்டில் 6 டிகிரி முன்னால் என்று தெரிந்தபோது உள்ளே தீப்பொறி உண்மையில் 2 டிகிரி தாமதமாக விழுந்துகொண்டிருந்தது. தாமதமாக எரிகிற கலவை பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் பாதையையும் அதைச் சுற்றியிருக்கிற தண்ணீரையும்தான் சூடாக்கும். ஐடிலிங்கில் சூடாவதற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. வளையத்தின் ஓரமாக டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி நின்றது, நகத்தால் கீறினால் துகளாக உதிர்ந்தது. இந்த நிலையில் புதுக் கோடு போட்டு ஓட்டுவது சரியில்லை, வளையம் கழன்று பறந்தால் ரேடியேட்டரும் பானட்டும் காலி.

புதுசு வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 289-க்கு 28 அவுன்ஸ் சமநிலை பாலன்ஸர் வேண்டும், 1980-களின் 302 கன அங்குல இன்ஜினுக்கு வந்த 50 அவுன்ஸ் ரகத்தைப் போட்டால் வண்டி அதிர்ந்தே பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டாவது, என் வண்டிக் காலத்து கிராங்க் புல்லிக்கு மூன்று போல்ட், 1970-லிருந்து வந்தவற்றுக்கு நான்கு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும்.

பாலன்ஸரைக் கழற்ற இடம் வேண்டுமென்றால் ஃபேன், பெல்ட், புல்லி, ரேடியேட்டர் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். சரி, வருகிறது வரட்டும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பாலன்ஸரை இழுத்துக் கழற்றுகிற புல்லர் கருவியை ஹப்பில் இருக்கிற போல்ட் துளைகளில்தான் மாட்ட வேண்டும், வெளி வளையத்தைக் கொக்கி போட்டு இழுத்தால் நல்ல பாலன்ஸரும் பிய்ந்துவிடும். புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் கூடாது, அதற்கென்று இருக்கிற முறுக்குக் கருவியை வாடகைக்கு எடுத்து மெதுவாக ஏற்றினேன்.

தண்ணீர் பம்ப்பையும் கழற்றினேன். இந்த இன்ஜினில் தொட்டவர்கள் எல்லோரும் பயப்படுகிற இடம் அது. பம்ப்பின் நீளமான போல்ட்டுகள் அலுமினியம் டைமிங் கவரைத் தாண்டி பிளாக்கில் இறங்குகின்றன, சில போல்ட்டுகளின் முனை தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே இருக்கும். அலுமினியமும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்து பல வருஷம் இருந்தால் போல்ட் பிடித்துக்கொள்ளும், அவசரப்பட்டு முறுக்கினால் தலை மட்டும் கையோடு வரும். இரண்டு ராத்திரி பெனிட்ரேட்டிங் ஆயில் ஊறவிட்டு, சூடு காட்டி, இறுக்குகிற திசையில் ஒரு நூல் அளவு, தளர்த்துகிற திசையில் ஒரு நூல் அளவு என்று ஆட்டி ஆட்டி எடுத்தேன். திரும்பப் போடும்போது ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் சீலன்ட் தடவ வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மரை வழியாகவே கசியும்.

அடுத்து பிளாக். ரேடியேட்டரைத் திறந்துவிட்டால் தண்ணீர் முழுக்க வந்துவிட்டது என்று நினைப்போம். இன்ஜின் பிளாக்கின் இரு பக்கமும், ஆயில் பேனுக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒரு வடிகால் பிளக் இருக்கிறது. டிரைவர் பக்கத்துப் பிளக்கைக் கழற்றியபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் சொதசொதவென்று ஒரு கட்டி விழுந்தது, பிறகு செம்மண் கரைசல் மாதிரி துருத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அறுபது வருஷத் துரு, ஆலையில் வார்ப்பு முடிந்தபோது தங்கிய மணல் துகள், யாரோ ஒரு காலத்தில் ஊற்றிய ஒழுகல் அடைக்கும் பொடி, எல்லாம் சிலிண்டரின் அடிப்பகுதியைச் சுற்றிப் படிந்து கிடந்தது. தோட்டக் குழாயை மேலிருந்து விட்டு, கம்பியால் கிளறி, மறுபடி விட்டு, தெளிந்த தண்ணீர் வருகிறவரை செய்தேன். அந்த மண் அங்கே இருக்கிறவரை எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போகாது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட எந்த வண்டி வைத்திருந்தாலும் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ரேடியேட்டர் இரண்டு வரிசை கோர், பாதி அடைத்திருந்தது. அதே தோற்றத்தில் மூன்று வரிசை செம்பு-பித்தளை ரேடியேட்டர் போட்டேன். அலுமினியத்தில் விலை குறைவாகவும் எடை குறைவாகவும் கிடைக்கும், குளிர்விப்பதிலும் குறை இல்லை, ஆனால் பானட்டைத் திறந்தால் கண்ணை உறுத்தும். கறுப்பு பெயின்ட் அடித்த பித்தளை மேல்தொட்டி இல்லாத 1965 மஸ்டாங் இன்ஜின் அறை எனக்குப் பிடிக்காது, ரசனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி இல்லாத வண்டி என்பதால், ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேர்கிற ஷ்ரவுட் என்கிற கூடு இல்லாமல் இருந்தது. ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு நேரே இருக்கிற வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா இருக்கும், போதாக்குறைக்கு இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே திரும்பச் சுற்றவிடும். நான்கு இலை ஃபேனை எடுத்துவிட்டு ஆறு இலை ஃபேனும் ஷ்ரவுட்டும் போட்டேன். இலையின் அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளே, பாதி வெளியே இருக்கிற மாதிரி ஸ்பேசர் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுக்க உள்ளே போனாலும் காற்று வெளியேற முடியாமல் அடித்துக்கொள்ளும். சுற்றிலும் ஒரு அங்குல இடைவெளி விட்டேன், பழைய இன்ஜின் மவுன்ட் முறுக்கும்போது ஃபேன் கொஞ்சம் நகரும். பழைய ஃப்ளெக்ஸ் ஃபேன் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்த மெல்லிய இலை களைத்துப்போய் உடைந்தால் பானட்டைக் கிழித்துக்கொண்டு வரும். இன்ஜின் ஓடும்போது எந்த ஃபேனுக்கும் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

எல்லாவற்றையும் மாட்டி, தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கிற பாயின்ட்டின் இடைவெளியை 0.017 அங்குலத்தில் வைத்து, புதுக் கோட்டை நம்பி டைமிங்கை உண்மையான 8 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். டைமிங்குக்காக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போதே ஐடிலிங் தானாக ஏறியது, ஐடில் திருகாணியைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. ஏற்றத்தில் முழுக்க மிதித்துப் பார்த்தேன், கலவை தப்பாக வெடிக்கிற நாக்கிங் சத்தம் இல்லை, பிக்கப் நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று ஆசைதான், எல்லாம் ஒன்றாகக் கழன்றிருந்ததால் முடியாது. ஆனால் டைமிங்கை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பி ஒரு முறை பார்த்தேன். வாசலில் அதே சோதனையில் பழைய டைமிங்கில் 214, புது டைமிங்கில் 196. அதாவது 101 செல்சியஸும் 91 செல்சியஸும். முக்கியமானது எண்கூட இல்லை, 196-ல் போய் நின்றுவிட்டது, ஏறவில்லை.

மீதி இருந்தது ஸ்டார்ட் ஆகாத தொல்லை. இது கூலிங்கோடு சேர்ந்த விஷயம் மாதிரி தெரிந்தாலும் வேறு. இன்ஜினை நிறுத்தியதும் தண்ணீரும் ஃபேனும் நின்றுவிடும், சூடு மட்டும் மேலே ஏறி கார்புரேட்டருக்கு வரும். கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், அது இன்னும் சீக்கிரம் ஆவியாகும். மே மாதக் கடைசி ஓட்டங்களில் இதை நிறையப் பார்க்கலாம், வெளியே வெயில் வந்துவிடும், டேங்கில் இருப்பதோ ஸ்டார்ட் ஆவதற்காக எளிதில் ஆவியாகும்படி கலந்த குளிர்காலப் பெட்ரோல். கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஃபினாலிக் ஸ்பேசர் வைத்தேன், அரை அங்குலம், ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கவில்லை. பெட்ரோல் குழாயை தெர்மோஸ்டாட் மூடியை ஒட்டிப் போகாமல் தள்ளிக் கொண்டுபோனேன். எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும், அதனால் ஹோஸ் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ஜே30 ஆர்9 ரகத்துக்கு மாற்றினேன். இத்தனைக்குப் பிறகும் கடும் வெயிலில் ஒருமுறை அடம் பிடிக்கலாம். அப்போது ஆக்சிலரேட்டரை அடித்து அடித்து மிதிக்காமல், முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். வழிந்த பெட்ரோல் வெளியேறி இன்ஜின் பிடித்துவிடும்.

அப்புறம் பிரேக். இங்கேதான் கிளப்பில் எனக்கும் சிலருக்கும் கருத்து வேறுபாடு. 1965-ல், மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை, நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்காவது ஒரு சக்கரத்தின் வீல் சிலிண்டர் ஒழுகினால் மிதி நேராகத் தரைக்குப் போகும். ஃபோர்டு 1967 மாடலில் இரண்டு அறை சிலிண்டருக்கு மாறியது, முன் சக்கரத்துக்குத் தனி, பின் சக்கரத்துக்குத் தனி. அந்த 1967 டிரம் பிரேக் சிலிண்டரைக் கொஞ்சம் குழாய் வேலை செய்தால் என் வண்டியில் மாட்டலாம், மாட்டினேன். ஷோ மைதானத்தில் இதற்குப் புள்ளி போகும் என்று தெரிந்தேதான் மாட்டினேன்.

ஷோ நடுவர்கள் பார்க்கிற விதமே தனி. வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1935-ல் தொடங்கிய ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்காவில் 400 புள்ளியிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள், வண்டியோடு தீயணைப்பான் இருந்தாக வேண்டும். மஸ்டாங்குக்கென்றே 1976-லிருந்து இருக்கிற மஸ்டாங் கிளப் ஆஃப் அமெரிக்காவின் கான்கோர்ஸ் எனும் கடும் சோதனை வகுப்புகளில் ஹோஸ் கிளிப்பின் வடிவம், ரேடியேட்டர் ஹோஸ் மேல் அச்சடித்த எழுத்து, ஆலையில் சாக்பீஸால் போட்ட சோதனைக் குறி வரைக்கும் பார்ப்பார்கள். ஆலையிலிருந்து வந்தது 6.95-14 என்கிற பழைய பயஸ் ரக டயர், நான் போட்டிருப்பது ரேடியல், அதற்கும் கழிப்பார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் இல்லையென்றால் அறுபது வருஷத்துக்கு முன் ஒரு திருகாணி என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்ல ஆளே இருக்காது. ஆனால் என் வண்டியில் பின் இருக்கையில் குழந்தைகள் உட்காருகிறார்கள், முன்னால் போகிற வண்டி எல்லாவற்றுக்கும் டிஸ்க் பிரேக். பழைய ஒற்றை அறை சிலிண்டரைத் துடைத்து எண்ணெய் போட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன், பின்னால் யாராவது வேண்டுமென்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

சாலையில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு விஷயம் வசதியாக இருந்தது. மிச்சிகனில் 25 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கலாம், கிளப் நிகழ்ச்சி, கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்து ஓட்டிப் பார்ப்பது, இவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம், காய்கறி வாங்கப் போகக் கூடாது. ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு, அந்த மாதம் முழுக்க எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து வேலைக்கும் கடைக்கும் மஸ்டாங்கிலேயே போய்வந்தேன், வேண்டுமென்றே நெரிசல் நேரத்தில்.

க்ரூஸ் அன்று விடியற்காலையில் கிளப்காரர்கள் பெர்க்லியில் கூடினோம், வின்செட்டா கராஜ் பக்கம். 1919-லிருந்து பழுதுபார்க்கும் கடையாக இருந்த கட்டடம், இப்போது உணவகம். பத்து மணி வரை காற்றோட்டமாகப் போனது, அதற்குப் பிறகு வரிசை இறுகிவிட்டது. ராயல் ஓக்கிலிருந்து பர்மிங்ஹாம் வரை ஊர்ந்து, ஹன்டர் ஹவுஸில் வெங்காயம் வதக்கிய சின்ன பர்கர் வாங்கிக்கொண்டு, திரும்பி இறங்கி, மறுபடி ஏறினோம். முள் நடுவிலிருந்து ஒரு கோடு மேலே போய் அங்கேயே நின்றது. சாலையோரம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கப் பார்க்க வருத்தமாக இருந்தது, பாதிப் பேரிடம் ரேடியேட்டர் புதுசு, மின்னுகிறது. பக்கத்தில் நின்ற ஒரு 1966 மஸ்டாங்காரரிடம் டைமிங் கோட்டைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பிஸ்டன் ஸ்டாப்பை அடுத்த க்ரூஸ்-இன்னுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னேன், கொண்டுபோனேன், அவருடையது 5 டிகிரி வழுக்கியிருந்தது.

செப்டம்பரில் கிளப்பின் நீண்ட ஓட்டம், ஹிக்கரி கார்னர்ஸில் இருக்கும் கில்மோர் கார் அருங்காட்சியகத்துக்கு. ஐ-94 பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் லாரிகளுக்கு நடுவே 70 மைல் வேகத்தில் டிரம் பிரேக் வண்டிகள் பதினைந்தை நடத்திச் செல்வது பைத்தியக்காரத்தனம். அதனால் பழைய கிராண்ட் ரிவர் சாலை, பிறகு எம்-43, லான்சிங், கிராண்ட் லெட்ஜ், ஹேஸ்டிங்ஸ் வழியாக 50 மைல் வேகத்தில் போனோம். இரு பக்கமும் சோளக்காடு, ஊருக்கு ஒரு தானியக் கிடங்கு. மெதுவாகப் போகிற வண்டியை முன்னால் விடுவது எங்கள் வழக்கம், வேகத்தை அதுதான் தீர்மானிக்கும். கடைசியில் வருகிறவர் யாரையும் தாண்டக் கூடாது, யார் நின்றாலும் அவரும் நிற்க வேண்டும். அந்தக் கடைசி வண்டியில்தான் பொதுப் பெட்டி: ஃபேன் பெல்ட், தீப்பொறிக்கு வேண்டிய கன்டென்சர், பாயின்ட் செட், காயில், ஹோஸ் கிளிப், இரண்டு கேன் தண்ணீர், பிரேக் ஆயில். இந்தத் தடவை அது என் முறை.

ஹேஸ்டிங்ஸ் தாண்டியதும் பெரியவரின் செவர்லே விக்கி விக்கி ஓரம் கட்டியது. இக்னிஷன் கன்டென்சர். சாலையோரப் புல்லில் குனிந்து நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க, அவர் டார்ச் பிடிக்க, என் பெண் திருகாணிகளைத் தொப்பியில் வாங்கி வைத்துக்கொள்ள, கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கழற்றிய கன்டென்சர் போன வாரம்தான் மாட்டியதாம். "பழசையே விட்டிருக்க வேண்டும்" என்றார். இது ஓரளவு உண்மை. இப்போது வருகிற கன்டென்சர்களின் தரத்தை நம்ப முடிவதில்லை, கிளப்பில் பலர் பழைய இருப்புச் சரக்கைத் தேடி ஸ்வாப் மீட் எனும் உதிரிபாகச் சந்தைகளில் அலைவது அதனால்தான். நல்லதொன்று கிடைத்தால் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் உப்பு தூவத் தொடங்கிவிட்டால் வண்டி வெளியே வராது. டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, கார்புரேட்டர் வரை அது போய்ச் சேர ஓடவிட்டு, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியாகிவிட்டது. ஆயிலும் மாற்றினேன், வால்வைத் திறக்கும் கேம் உரசல் அதிகமான ஃபிளாட் டாப்பெட் ரகம் என்பதால் துத்தநாகம் அதிகமாக இருக்கிற ஆயில்தான், சாதாரணப் புது ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

குளிர்காலத்துக்கு வைத்திருப்பது கௌல் வேலை. 1965 மாடல் மஸ்டாங்குகளில் முன்கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற, கௌல் எனும் காற்றுத் துளைப் பெட்டி உள்ளுக்குள் துருப்பிடிக்கும், மழைத் தண்ணீர் காலடிக்கு வரும். துளை வழியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், பயணி பக்கம் சொட்டுகிறது. நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் மேல் தகட்டை ஒட்டிய ஸ்பாட் வெல்டு புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, அடியை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும், பெரிய வேலை. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் வெளியான ஏப்ரல் 17-ஐ ஒட்டித்தான் எங்கள் முதல் ஓட்டம் இருக்கும். பெரியவரிடம் ஸ்பாட் வெல்டு கட்டர் இருக்கிறது, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.